நூற்றுப் பதினேழாம் எண் ரத்தம்

கமலக்கண்ணன் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தபோதே சரண்யா பஞ்சை நனைத்துவிட்டாள். பதினோரு வருடமாக இந்த மனுஷனின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். ஆசைப்பட்ட விதம் வேறு. கிடைத்த விதம் இது: ஆரணியில் ஒரு கல்யாண மண்டபம், பந்திக்குப் போடுகிற மேசை, அதன்மேல் பஞ்சும் ஊசியும் குழாய்களும், எதிரே, பக்கத்து முள்ளிப்பட்டு ஊரில் பாதித் தறிக்குப் பாவு நூல் கொடுக்கிற பட்டு முதலாளி, கையை நீட்டிக்கொண்டு.

சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி நடத்துகிற ஆராய்ச்சி அது. ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் வருகிற புற்றுநோயை, அது முற்றுவதற்கு முன்பே ரத்தத்தில் பிடித்துவிட முடியுமா என்று பார்க்கிறார்கள். அதன் தலைவர் டாக்டர் ஜெயசந்திரன் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டு ஜைனக் குடும்பத்துக்காரர். முகாம் எவ்வளவு நீண்டாலும் ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். மைக்கில் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

"மூத்திரப் பைக்குக் கீழ நெல்லிக்கா அளவுல ஒரு சுரப்பி இருக்குதுங்க. வயசானா அது வீங்கும். வீங்கினதெல்லாம் கேன்சர் இல்ல, பயந்துக்காதீங்க. ஆனா சில பேருக்கு உள்ளயே கெட்டது வளந்துகினு இருக்கும். அது வெளிய தெரியறப்ப நாம லேட்டு."

ஆளுக்கு இரண்டு குழாய் ரத்தம். ஒன்றில் பி.எஸ்.ஏ. என்ற புரதமும் கூடவே இன்னும் சில புரதங்களும் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பார்கள். இன்னொன்றில் மரபணுவைப் படிப்பார்கள். இந்த ஆள் பிறக்கும்போதே இந்த நோய்க்கு உடம்பில் இடம் வைத்துக்கொண்டு பிறந்தாரா என்று அது சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் யாருக்கு ஆபத்து என்று சரியாகச் சொல்ல முடியும் என்பது டாக்டரின் கட்சி. சரண்யாவின் வேலை ரத்தம் எடுப்பது, கேள்விப் படிவத்தை நிரப்புவது, குழாயில் எண் ஒட்டுவது.

கமலக்கண்ணனின் எண் நூற்றுப் பதினேழு. மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவர் அவர்தான். அதற்காக வாசலில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்துக்கொண்டார். ஃபிளெக்ஸில் இருந்த தலைமுடியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் வரை உச்சி மண்டை வெயிலில் மின்னிய ஆளுக்கு, கல்லூரிப் பையனைப் போல நெற்றியில் விழுகிற முடி. கேட்டால், மலையிலிருந்து வந்த மூலிகை எண்ணெய் என்பார். அந்த எண்ணெயைக் கேட்டு அவர் கடைக்கு வந்தவர்கள்கூட உண்டு.

சட்டைப் பை கனத்து இடைஞ்சலாக இருந்ததால் அதில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தார். செல்போன், மூக்குக் கண்ணாடி, நாலு மாத்திரை மிச்சமிருந்த ஒரு பட்டை. அடுத்த நொடி பட்டையை மட்டும் வெடுக்கென்று எடுத்துக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஆனால் சரண்யா படித்துவிட்டாள். அது முடி கொட்டுவதற்குக் கொடுக்கிற மாத்திரை.

அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியின்போது டாக்டர் ஜெயசந்திரன் பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். அந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிற ஆளுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். நோய் அப்படியே இருக்கும், எண் மட்டும் பாதியாகும். அதனால் பதினாலாவது கேள்வியை யாரிடமும் கேட்காமல் விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பதினாலாவது கேள்வி வந்தது.

"ஏதாவது மாத்திர சாப்பிடறீங்களா சார்? சக்கர, பிரஷர், வேற எதுக்காவது?"

பின்னால் அவருடைய ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். கமலக்கண்ணன் அவர்கள் காதிலும் விழுகிற மாதிரி சிரித்தார். "எனக்கா? இன்னாம்மா கேக்கற? ஒரு மாத்திர கெடயாது. ஒடம்பு இரும்பு மாதிரி இருக்குது. ஜல்தியா குத்து, வேல இருக்குது."

சரண்யா அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். பிறகு ஊசியை எடுத்து, ஒரே குத்தில், வலிக்காமல், மிக அழகாக ரத்தம் எடுத்தாள்.

அவர் வாயால் சொன்னதை நான் கையால் எழுதினேன், அவ்வளவுதான் என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சொல்லிக்கொண்டாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்படி இருந்தும் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அவளைப் பேய் என்று நினைத்துவிடுவார்கள்.

அவள் அப்பா ராஜவேலு கமலக்கண்ணனின் தறிக்கூடத்தில் நெய்தவர். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி எட்டு, ஆள் எட்டு. ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு அடிக்கடி ஒன்றுக்கு வர ஆரம்பித்தது. அரை மணிக்கு ஒரு தடவை குழியை விட்டு ஏறுவார், கொல்லைப் பக்கம் போவார், வருவார். பட்டு நெசவில் இது சாதாரண விஷயம் இல்லை. தறியை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும்போது, கை கொஞ்சம் பிசகினால் அந்த இடத்தில் ஊடை என்கிற குறுக்கு நூல் நெருங்கியோ விலகியோ விழும். புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிசாகக் குறுக்கே ஒரு கோடு தெரியும். ராஜவேலு கைகாரர்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கினால் எந்தக் கையும் பிசகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்த புடவைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கிற நாள், கடையில் கூட்டம். சரண்யாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தாள். பஸ் பாஸுக்குக் கையெழுத்து வாங்க அப்பாவைத் தேடி அந்தக் கடைக்குப் போனாள். கமலக்கண்ணன் ராஜவேலுவின் மாம்பழ நிறப் புடவையை ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டினார்.

"இது ராஜவேலு ஒண்ணுக்குப் போன எடம். இதோ, மறுபடியும் போயிட்டாரு. இங்க பாரு, ரெண்டு வெரக்கட தாண்டல, மறுபடியும். கல்யாணப் பொண்ணு இதக் கட்டிகினு மணவறையில உக்காரணுமாம்யா!"

கடையே சிரித்தது. பக்கத்துத் தறிக்காரர் தென்னரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜவேலுவும் சிரித்தார். அதைத்தான் சரண்யாவால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கூட நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். திரும்பியபோது வாசலில் மகள் நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காலையில் ஒரு டம்ளர் காபி, அதோடு சரி, தறியிலிருந்து இறங்கி வீடு வருகிறவரை நாக்கை நனைக்கமாட்டார். வயிறு கல்லாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நெய்வார். ஒன்றுக்கு வருவது பற்றி வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. அது ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது, நோயாக அதை யார் போய்ச் சொல்வது? ஒரு வருடம் கழித்து முதுகு வலித்தது. தறிக்காரனுக்கு முதுகு வலிக்காமல் யாருக்கு வலிக்கும்? தறி வலி என்று எண்ணெய் தேய்த்தார்கள், வர்மம் பிடிக்கிறவரிடம் போனார்கள், ஆறு மாதம் போனது. கால் மரத்துப்போய்த்தான் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலுக்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. அறுநூற்றுப் பன்னிரண்டு. நோய் முதுகெலும்பு பூராவும் பரவியிருந்தது. ஏழு வாரத்தில் முடிந்துவிட்டது.

சாவுக்குக் கமலக்கண்ணன் மாலையோடு வந்தார். அம்மா ரேணுகாம்பாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சரண்யா கும்பிடவில்லை. அந்த மாலையை யாரும் பார்க்காதபோது எடுத்துக் குப்பையில் போட்டாள்.

எனவே, பத்து நாள் கழித்து நூற்றுப் பதினேழின் பி.எஸ்.ஏ. 2.8 என்று வந்தபோது அவள் செய்த முதல் காரியம் அதை இரண்டால் பெருக்கியது. ஐந்து புள்ளி ஆறு. நாலைத் தாண்டிவிட்டது. அது புற்றுநோயாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எது இருக்கட்டும் என்று சாமிக்குத் தெரியும். 'இயல்பான அளவு' என்று அச்சடித்த ரிப்போர்ட்டை உறையில் போட்டு, அவர் ஆளிடம் தானே கொடுத்தனுப்பினாள்.

ஐந்தாவது வாரத்தில் மரபணு முடிவுகளின் முதல் பட்டியல் வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவளுக்கு எண் போதும். நூற்றுப் பதினேழுக்கு நேரே 'அதிக ஆபத்துப் பிரிவு' என்றிருந்தது. இனி இது இருக்கலாம், இல்லாமலிருக்கலாம் என்ற பேச்சில்லை என்று அவளே முடிவு கட்டினாள். அந்த உடம்புக்குள் ஏதோ நடக்கிறது, அது தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். பி.எஸ்.ஏ. இயல்பு என்று இருப்பதால், ஆபத்துப் பிரிவில் இருந்தாலும், டாக்டர் அவரை இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிடுவார். இரண்டு வருடம் போதும். அப்பாவுக்கு ஒன்றரை வருடம்தான் ஆனது.

அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். "இன்னாடி, இன்னிக்கு இவ்ளோ பசி?" என்றாள் அம்மா. சரண்யா ரசம் ஊற்றிக்கொண்டாள்.

பழி வாங்குவது இவ்வளவு சுலபமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம், ஒரு டிக் போதும். கொலைகாரர்கள் எல்லாம் படிக்காத முட்டாள்கள்.

இதில் அவள் கணக்கில் எடுக்காதது கமலக்கண்ணனின் பெருமை. மற்றவன் என்றால் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுவான். இந்த மனுஷன் அதை லேமினேட் செய்து கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு நடந்த இரண்டாவது முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராத நெசவாளர்கள் முள்ளிப்பட்டில் ஒன்பது பேர். ஏன் வரவில்லை என்று கேட்டுவர டாக்டர் சரண்யாவை அனுப்பினார். அவள் டிக் போட்டதிலிருந்து நாற்பத்தொன்றாவது நாள் அது.

முதல் வீடே தென்னரசுவின் வீடு. இப்போது தறி வீட்டிலேயே இருந்தது. தென்னரசு குழியிலிருந்து இரண்டு கையையும் ஊன்றி மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா, ராஜவேலு பொண்ணுதானே நீ? ஒக்காரு."

"ரத்தம் குடுக்க வரேன்னு பேர் குடுத்தீங்க. ஏன் மாமா வரல?"

"அட, அது எதுக்கு? மொதலாளிக்கே ஒண்ணும் இல்லயாம். கடையில மாட்டிகினு இருக்காரு. 'எனக்கே நார்மல், ஒங்களுக்கு இன்னாடா கேடு? ஒரு நாள் நெசவு வீணாப்போவும், வேலயப் பாருங்க'ன்னு சொல்லிட்டாரு. எங்கள்ல யாரும் போவல."

"ஒங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்குது?"

"எனக்கு இன்னா? முதுகுதான் புடிச்சிகினு இருக்குது. தறி வலி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் இந்த ஒண்ணுக்குத்தான், பேஜாரா இருக்குது. அடிக்கடி எழுந்தா வேல ஓடமாட்டேங்குது. அதான் காலையில இருந்து தண்ணி குடிக்கல."

சரண்யாவுக்குத் தென்னரசுமேல் பாசம் கிடையாது. அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஆள் இவர். ஆனால் காய்ந்துபோன அந்த உதடுகளை அவளுக்குத் தெரியும். அதே மாதிரி காய்ந்த அப்பாவின் உதடுகளுக்கு ஏழு வாரம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்திருக்கிறாள். இந்த ஆளை இப்போது வீட்டில் உட்கார வைத்திருப்பது யார்? கமலக்கண்ணன் இல்லை. கமலக்கண்ணன் மாட்டியிருக்கிற காகிதம். அந்தக் காகிதத்தில் இருப்பது அவள் போட்ட டிக். அப்பாவைக் கொன்றவனைக் கொல்லப் போய், இன்னொரு அப்பனைக் கொன்றுகொண்டிருக்கிறாள்.

மற்ற எட்டு வீட்டுக்கும் அவள் போகவில்லை.

அன்று முழுக்கத் தனக்குத்தானே சண்டை போட்டாள். டாக்டருக்குப் போன் செய்து, 'சார், நூற்றுப் பதினேழு மாத்திரை சாப்பிடுகிறார், இப்போதுதான் தெரிந்தது' என்று ஒரு சின்னப் பொய்யோடு சொல்லிவிட்டால் விஷயம் ஓசைப்படாமல் முடிந்துவிடும். டாக்டர் கமலக்கண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பதமாகச் சொல்வார். வேலையும் போகாது. அதுதான் முறை. நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நல்ல பெண்ணாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்த ஆள் பிழைத்துத் தொலைக்கப் போகிறான் என்றால், அதைச் சும்மா விட அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடையில் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் அங்கேயே இருந்தார்கள், தென்னரசு உட்பட. சரண்யா தான் வந்த முகாம் வண்டியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேரே உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த ரிப்போர்ட்டை ஆணியோடு பிடுங்கினாள்.

"ஏய், இன்னாம்மா பண்ற?" கமலக்கண்ணன் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார்.

"இது பொய்ங்க சார். ரெண்டு புள்ளி எட்டு இல்ல. அஞ்சு புள்ளி ஆறு."

"இன்னா ஒளர்ற?"

"நீங்க முடி வளர மாத்திர சாப்பிடறீங்க. அன்னிக்கு மேஜ மேல வச்சீங்களே, அந்த மாத்திர. அத சாப்பிட்டா இந்த நம்பரு பாதியாத்தான் காட்டும். மாத்திர சாப்பிடறீங்களான்னு கேட்டேன். ஒண்ணுமே கெடயாது, இரும்பு மாதிரி இருக்கேன்னீங்க. அந்தப் பொய்ய நம்பி இவங்க யாருமே டெஸ்டுக்கு வரல."

பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்: "அப்போ மூலிக எண்ணெ?"

அவ்வளவுதான். சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்துக் கடை பூராவும் ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பொத்தாமல் சிரித்தார்கள், கணக்குப்பிள்ளை திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். எண்ணெய் வாங்கிப் போயிருந்த ஒருவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். கமலக்கண்ணனின் கை தன்னை அறியாமல் தலைக்குப் போனது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

சரண்யா எதையும் விடாமல் பார்த்தாள். பதினோரு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். இனித்தது. உடம்பெல்லாம் இனித்தது. அந்த இனிப்பை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஆனால் அது இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. கமலக்கண்ணன் அருகில் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அஞ்சு புள்ளி ஆறுன்னா இன்னாம்மா அர்த்தம்?"

சரண்யா ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தாள்.

"உள்ள இருக்குதா இல்லயான்னு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்," என்றாள். "ஜல்தியா." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "தென்னரசு மாமா, கெளம்புங்க. நீங்க எல்லாரும்தான். வண்டி வாசல்ல நிக்குது."

ஆறு பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

டாக்டர் ஜெயசந்திரன் திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார். கடையில் நடந்தது அவருக்கு வெள்ளிக்கிழமை மதியமே தெரிந்துவிட்டது. அவர் கத்துகிற ஆள் இல்லை, அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

"அந்த மாத்திரய எப்போ பாத்தே?"

"ரத்தம் எடுத்த அன்னிக்கே சார்."

"தெரிஞ்சே 'இல்லை'ன்னு போட்டியா?"

"ஆமா சார்."

"எத்தன நாள் சொல்லாம இருக்கலாம்னு இருந்தே?"

"கடைசி வரைக்கும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் காரணம் கேட்டார், அவள் சொன்னாள். மாம்பழ நிறப் புடவை, கோடுகள், அறுநூற்றுப் பன்னிரண்டு, எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பாவம்மா நீ," என்றார். "ஆனா உன்ன இங்க வச்சிக்க முடியாது. நீ ஒரு ஆள மட்டும் ஏமாத்தல. நாளைக்கு இந்த நம்பர நம்பி ஒருத்தன் 'நமக்கு ஒண்ணுமில்ல'ன்னு வீட்டுக்குப் போவான் பாரு, அவனையும் ஏமாத்தியிருக்க. எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவள் எழுதினாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதவில்லை. தெரிந்தே செய்தேன், அவர் சாக வேண்டும் என்று விரும்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாசல்வரை வந்தபோது டாக்டர் பின்னாலிருந்து சொன்னார், அவசரமாகப் பார்த்ததில் தென்னரசுவின் பி.எஸ்.ஏ. முப்பத்தெட்டு என்று. சனிக்கிழமையே எடுத்த ஸ்கேனில், நோய் எலும்புக்குப் போகவில்லையாம். முதுகு நிஜமாகவே தறி வலிதானாம். சரண்யா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். வேலை போனதற்காக இல்லை.

கமலக்கண்ணனுக்கும் புற்றுநோய் இருந்தது. சின்னதாக, ஒரே இடத்தில், மெதுவாக வளர்கிற ரகம். இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், கதிர்வீச்சு கொடுக்கவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக் கண்காணித்துக்கொண்டே இருப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் கதை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி கற்பகத்தோடு சரண்யா வீட்டு வாசலில் வந்து நின்றார். தட்டில் பழம், வெற்றிலை, ஒரு பட்டுப் புடவை. அவர் தலை மொட்டையாக இருந்தது. திருப்பதிக்கு வேண்டுதலாம். கற்பகம் சரண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என் தாலி உன்னாலதாம்மா தங்கிச்சு. கடையில வச்சி சொன்னது அவமானமா இருந்தாலும், உயிரக் காப்பாத்திட்ட."

ரேணுகாம்பாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சரண்யா தட்டை வாங்கவில்லை.

"காப்பாத்தலங்க," என்றாள். "நாப்பத்தியொரு நாளு, இவரு சாவட்டும்னுதான் வாய மூடிகினு இருந்தேன். தென்னரசு மாமாவுக்காகத்தான் வாயத் தொறந்தேன்."

கற்பகத்தின் கை தானாக நழுவியது. கமலக்கண்ணன் புரியாமல் பார்த்தார்.

"நான் உனக்கு இன்னாம்மா கெடுதி பண்ணேன்?"

"எங்கப்பா ராஜவேலு."

"எந்த ராஜவேலு?" அவர் நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார். "நம்மகிட்ட நாலு ராஜவேலு நெய்ஞ்சாங்களே. செய்யார் கம்பெனிக்கு வேலைக்குப் போனாரே, அவரா?"

இத்தனை வருடம் இந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டிருப்பான், இல்லை மறைத்துக்கொண்டிருப்பான் என்று சரண்யா நினைத்திருந்தாள். அவன் சுமக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவனுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை. இப்போதுகூட அவரை நாற்காலியோடு தூக்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்து, எந்த ராஜவேலு என்று முதலிலிருந்து சொன்னாள். நிறுத்தாமல், அழாமல், ஒரு மணி நேரம் சொன்னாள். நடுவில் கற்பகம் அழுதாள். ரேணுகாம்பாள் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். இந்தப் புடவைக் கதை அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

கமலக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உசுரோட இருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ உங்களுக்கு ஊசி குத்துவாங்க. குத்தறப்ப எங்கப்பா பேர நெனைக்கணும். நெனச்சீங்கன்னு எனக்குத் தெரியணும். போன் பண்ணி அந்தப் பேர சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வேணாம்."

"எத்தன தடவ?"

"நீங்க இருக்கற வரைக்கும்."

அவர் எழுந்து போனார். தட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவர் போன் செய்வார் என்று அவள் நம்பவில்லை.

மூன்று மாதம் கழித்து, செய்யாரில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்த சரண்யா, காலையில் வந்தவர்களுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிறார்கள்.

"ராஜவேலு," என்றார் கமலக்கண்ணன். போனை வைத்துவிட்டார்.

சரண்யாவுக்கு மனம் ஆறவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவர் காலண்டரிடம் போனாள். தாள்களைப் புரட்டி, அடுத்த மூன்று மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அதில் பேனாவால் வட்டம் போட்டாள்.